சூரத்தில் நடக்காத தப்பு

என் கணவர் ஜவஹருக்குத் தியாகராய நகரில் மூன்று பெயர்கள் உண்டு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி. தெருவில் இருப்பவர்களுக்கு அண்ணாச்சி. வியாபாரிகள் சங்கத்து மேடையில் மட்டும் 'குருதி வள்ளல்'. மூன்றாவது பெயர்தான் அவருக்கு உயிர். அந்தப் பெயரால் உயிரே போகப் பார்த்தது என்பதால் இதைச் சொல்கிறேன்.

உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் எங்களுக்குச் சேலைக்கடை. பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். மாமனார் காலமான பிறகு, ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, அவர் நினைவு நாளில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து ரத்ததான முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. கடையில் இருக்கிற அத்தனை பேரும் ரத்தம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கிறவர்களுக்கு வாழைப்பழம், பிஸ்கட், அரை நாள் லீவு. முதல் கட்டிலில் என் கணவர் படுத்திருப்பார். முழங்கையில் பிளாஸ்டர், அதிலிருந்து இறங்கும் டியூப், முகத்தில் தியாகம். அந்தப் போட்டோ மறுநாளே ஃபிளெக்ஸாகி கடை வாசலில் நிற்கும். கல்லாவுக்குப் பின்னால் வருஷத்துக்கு ஒன்றாக மாட்டியிருக்கிறோம். தலைமுடிதான் குறைந்துகொண்டு வருகிறது, புன்னகை அப்படியே இருக்கிறது.

யாராவது தயங்கினால் அவருக்குப் பொறுக்காது. "அம்பது வயசுக்கு மேல நானே குடுக்கேன். எளவட்டம், உனக்கு என்னலே?" என்று ஒரு அதட்டல் போடுவார். அவன் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வான். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். முகாம் அன்றைக்கு நான் சாப்பாட்டுப் பொறுப்பு, கட்டில்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

போன தை மாதம் அவருக்குக் கண் மஞ்சளாயிற்று. அதற்கு முன்பே சோறு பிடிக்கவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மாமியார் தேவானை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டினார். "மூணு நாள்ல இறங்கிரும்" என்றார். இறங்கவில்லை. நான் அவரை அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுக்கிற அறைக்கு அவர் தனியாகத்தான் போனார். கொரோனா ஊசிக்கே என்னைக் கூட வர விடாத மனுஷன் அவர்.

டாக்டர் சாருலதா மயிலாப்பூர்க்காரர். பொறுமையாகப் பேசுகிறவர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஹெபடைடிஸ் பி என்றார். கல்லீரலைத் தாக்குகிற வைரஸ்.

"பாருங்கோ, இது ரெண்டு விதமா வரும். ஒண்ணு புதுசு. இப்போ சமீபத்துல உள்ள நுழைஞ்சது. இன்னொண்ணு பழசு. சின்ன வயசுலேயே வந்து, சத்தமே போடாம குடியிருக்கும். பல வருஷம் கழிச்சு ஒரு நாள் திடீர்னு சண்டைக்கு நிக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். இதே மஞ்சக் கண், இதே சோர்வு."

"இவருக்கு எது டாக்டர்?" என்றேன்.

"ஐ.ஜி.எம்.னு ஒரு டெஸ்ட் இருக்கு. அது பாசிட்டிவா இருந்தா பெரும்பாலும் புதுசு. இவருக்கு பாசிட்டிவ்தான், ஆனா லேசாத்தான் இருக்கு. பழசு சீறும்போதும் லேசா வரும். அதனால அதை மட்டும் வெச்சுண்டு நான் முடிவு பண்ண மாட்டேன். இதுக்கு முன்னாடி எப்பவாவது டெஸ்ட் பண்ணி, இல்லேன்னு வந்திருக்கா? அதுதான் முக்கியம்."

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "பதினெட்டு வருஷமா ரத்தம் குடுக்குறாங்க டாக்டர். ஒரு வருஷம் தவறினதில்ல. குருதி வள்ளல்னு பட்டமே குடுத்திருக்காங்க. போன ஆகஸ்ட்லகூடக் குடுத்தாங்க" என்றேன். என் கணவர் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் முகம் தெளிந்துவிட்டது. "போன ஆகஸ்ட்டா? அப்போ யோசிக்கவே வேண்டாம். தானம் பண்ற ஒவ்வொரு பையையும் இந்த வைரஸுக்கு டெஸ்ட் பண்ணித்தான் எடுத்துப்பா. இருந்திருந்தா கூப்பிட்டுச் சொல்லியிருப்பா. ஆகஸ்ட்ல இல்லே, இப்போ இருக்குன்னா இது புதுசு. நல்ல செய்தி. பெரியவாளுக்குப் புதுசா வந்தா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்குத் தானே போயிடும். மாத்திரைகூட வேண்டாம். ரெஸ்ட் எடுக்கட்டும், வாரா வாரம் பார்த்துண்டிருப்போம்."

பிறகு பேனாவை எடுத்து வரிசையாகக் கேட்டார். இந்த ஆறு மாதத்தில் பல் பிடுங்கினீர்களா? இல்லை. ஆபரேஷன், ஊசி, பச்சை குத்துவது? இல்லை. சலூனில் சவரம்? வீட்டில்தான், சொந்த ரேஸரில்தான். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கோ, கேட்டுத்தான் ஆகணும். வெளியில வேற ஏதாவது தொடர்பு?"

"இல்ல" என்றார் என் கணவர், தொண்டைக்குள்ளேயே.

டாக்டர் சொன்ன நல்ல செய்தியின் முழு அர்த்தம் கார் கோட்டூர்புரம் பாலத்தில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. புதுசு என்றால் ஆறு மாதத்துக்குள் யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. என் ரத்தத்தையும் அன்றைக்கே பார்த்தார்கள், எனக்கு வைரஸ் இல்லை. அதாவது என்னிடமிருந்து வரவில்லை. உடம்புக்கு நல்லதாக இருக்கிற நோய் குடும்பத்துக்கு ஆகாததாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பழசாக இருந்திருக்கக் கூடாதா என்று கட்டின புருஷனுக்கு மோசமான நோயை வேண்டிக்கொண்டு வந்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். சரக்கெடுக்கப் போன சூரத்தில் ஓட்டல் துண்டு சுத்தமாக இல்லை என்றார். கொசுக்கடி என்றார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரன் இருமினான் என்றார்.

"டாக்டர் இதெல்லாத்துலயும் வராதுன்னு சொன்னாங்கள்ல?" என்றேன். "சரி விடுங்க. எனக்கு ஒரு யோசனை. ரத்த பேங்க்காரங்க போன ஆகஸ்ட்ல சரியாப் பாக்காம விட்டிருப்பாங்க. நாளைக்கு நானே போன் போட்டுக் கேக்கேன். நம்பர் முகாமுல போட்டோ எடுக்கிற ஹனீஃபாகிட்ட இருக்கும்."

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த மஞ்சளும் போய் வெளுத்துவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அங்கெல்லாம் கேக்காத முத்து. சூரத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார்.

"என்ன தப்பு?"

"கார்த்திகைல, பொங்கல் சரக்கு எடுக்கப் போனேம்லா? அப்ப."

"யாரு அவ?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பூனம்."

வலித்தது. வேறு எப்படிச் சொல்ல? இருபத்தாறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்த மனுஷன், ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் இட்லியும் எண்ணெய் விடாத பொடியும் இளநீரும் கொண்டுபோய் வைத்தேன். கோபத்தில்கூட ஆறு மணிக்கு எழுந்து அவருக்குச் சமைக்கிற என் கைகளை நினைத்துத்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

என் மாமியாருக்குக் கதவு சாத்தியிருந்தாலும் காது கேட்கும். "என்னட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஆம்பளைக்கு வெளியூர்ல கால் ஒரு தடவ சறுக்கும். திரும்பி வந்துட்டாம்லா?" என்றார். அதோடு நிற்கவில்லை. விருதுநகரில் இருக்கிற தன் மூத்த மகள் வேலம்மாவுக்குப் போன் செய்து, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார். இரண்டு நாளில் கோவில்பட்டி வரைக்கும் தெரிந்துவிட்டது. சொந்தக்காரப் பெண்கள் என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்கள். குரலில் துக்கம் இருந்தது, கேள்விகள் எல்லாம் பூனத்தைப் பற்றித்தான் இருந்தன.

சங்கத்துச் செயலாளர் விஜயராகவன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். சங்கத் தலைவர் தேர்தலுக்கு என் கணவர் நிற்கப்போகிறார் என்று பேச்சிருந்த சமயம். "அண்ணாச்சி, அடுத்த தடவ சூரத்துக்குச் சரக்கெடுக்க நானும் கூட வாரேன்" என்று கண்ணடித்தார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வாடி வதங்கிய முகத்தோடு, கொஞ்சம் வெட்கமாக, கொஞ்சம் கர்வமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை.

புதுசு என்றால் தானே குறைய வேண்டும். குறையவில்லை. வாரா வாரம் போனோம், வாரா வாரம் மஞ்சள் ஏறியது. வயிறு உப்பியது. பகலெல்லாம் தூங்கினார். ஒரு நாள், சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டால், கடையை யார் பூட்டினது என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டர் சாருலதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவ்வளவு கவலையாக அவரை நான் பார்த்ததில்லை. "ரத்தம் உறையறதுக்கு நேரம் ஆறது. அது நல்லதுக்கு இல்லே. ஸ்கேன்ல லிவர் மேடும் பள்ளமுமா இருக்கு, மண்ணீரல் பெரிசா இருக்கு. இதெல்லாம் ரெண்டு மாசத்துல வராது. வைரஸ் எண்ணிக்கையும் கோடிக்கணக்குல இருக்கு. எல்லாமே பழசு மாதிரியே நடந்துக்கறது. ஆனா போன ஆகஸ்ட்ல இல்லேன்னு இருக்கே? அதை நம்பித்தான் நான் மாத்திரை ஆரம்பிக்காம இத்தனை நாள் காத்துண்டிருந்தேன்."

"பழசுன்னா என்ன டாக்டர் ஆகும்?"

"பழசுன்னா முதல் நாளே மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும்" என்றார்.

கணவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பூனமோ யாரோ, ஆள் பிழைத்து வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

அங்கே சகினா என்கிற நர்ஸ் ரத்தம் எடுக்க வந்திருந்தாள். ஊசியின் மூடியைக் கழற்றியதும் என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அரை மயக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊசி தோலைத் தொட்டதும் தலை சாய்ந்துவிட்டது. சகினா பதறாமல் கன்னத்தில் தட்டினாள்.

"சார், கண்ண தொறங்க. முட்ஞ்சிச்சு, அவ்ளோதான்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தெனமும் இப்டித்தான் ஆவுது. பதினெட்டு வருசம் ரத்தம் குட்த்தவர்னு கேஸ் ஷீட்டுல எழ்திகீது. இன்னாம்மா இது?"

அவள் போய்விட்டாள். நான் அவருடைய முழங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை எடுத்து ஹனீஃபாவைக் கூப்பிட்டேன்.

ஹனீஃபா ராயப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எங்கள் முகாமுக்கு முதல் வருடத்திலிருந்து அவர்தான் போட்டோகிராபர். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணாச்சி நெசமா ரத்தம் குடுத்திருக்காரா?"

ஹனீஃபா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணி, இப்ப இன்னாத்துக்கு அது?"

"அவரு உயிரு அதுலதான் இருக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. மொத வருசம் ஊசிய பாத்ததுமே அண்ணாச்சி மயங்கி வுழுந்துட்டாரு. ஆளுங்க பாத்தா கேவலம்னு நாந்தான் சட்டுனு டியூப்ப கை மேல வச்சி பிளாஸ்டர் ஒட்டி ஒரு போட்டோ புட்சேன். அது நல்லா வந்துச்சு. அத்தையே ஒவ்வொரு வருசமும் பண்ணிக்கினு கீறோம். போட்டோ எட்த்ததும் பிரஷர் ஏறிடுச்சின்னு எழுந்துப்பாரு."

"ஒரு வருஷம்கூட...?"

"ஒரு சொட்டுகூட இல்ல அண்ணி. மத்தபடி தங்கமான மனுசன்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, ஹனீஃபா பயந்துபோய் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பூனம் என்பது எங்கள் கடையில் நுழைந்ததும் இடது பக்க அலமாரியில் அடுக்கியிருக்கும் சேலை ரகம் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சூரத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். அவசரத்துக்கு அவருக்கு வாயில் வந்த ஒரே பெயர் அதுதான்.

என் புருஷன் என்னை ஏமாற்றவில்லை. ஊரைத்தான் ஏமாற்றியிருக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அது அடங்குவதற்குள் கோபம் வந்தது. ஊசிக்குப் பயந்தவன் என்று நாலு பேர் சிரிப்பதைவிடப் பெண்டாட்டி அழுவது மேல், கல்லீரல் போவது மேல் என்று ஒரு மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார். விஜயராகவன் முன்னால் சிரித்த அந்தச் சிரிப்பும் இப்போது புரிந்தது. வெளியூரில் ஒருத்தி இருக்கிறாள் என்றால் சங்கத்தில் முதுகில் தட்டுவார்கள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தான் என்றால் ஓட்டுப் போட மாட்டார்கள்.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "அப்போ இவருக்கு இதுக்கு முன்னாடி டெஸ்ட்டே பண்ணினதில்லை."

"இல்ல டாக்டர்."

"ஒரு போன் போட்டு ரத்த பேங்க்ல கேட்டிருக்கணும். பதினெட்டு வருஷம்னு நீங்க சொன்னதும் நம்பிட்டேன்" என்றார். தன் மேலேயே அவருக்குக் கோபம் இருந்தது தெரிந்தது. "இது பழசுதான். இவ்வளவு மோசமான பிறகு புதுசா இருந்தாலும் மாத்திரை குடுத்துத்தான் ஆகணும். ஆனா பழசுன்னா நடுவுல நிறுத்தவே கூடாது. வருஷக்கணக்கா சாப்பிடணும். பெரும்பாலும் பிறக்கும்போது அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கும். அவரோட அம்மாவை அழைச்சுண்டு வாங்கோ. கூடப் பிறந்தவா எல்லாருமே டெஸ்ட் பண்ணிக்கணும்."

அன்று ராத்திரியே மாத்திரை ஆரம்பித்தது. என் மாமியாரை மறுநாள் அழைத்துப் போனேன். "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்று முனகிக்கொண்டே கையை நீட்டினார். பாசிட்டிவ். ஆனால் கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். இதில் மருந்து தேவையில்லை என்பதை மட்டும் என் மாமியார் காதில் வாங்கிக்கொண்டார்.

என் ரத்தத்தையும் இன்னும் விவரமாகப் பார்த்தார்கள். எனக்கு எப்போதோ வந்து, தானாகவே போய்விட்டிருக்கிறதாம். இனி வராதாம். டாக்டர், "கல்யாணமான புதுசுல சோர்வு, வாந்தி, சாப்பாடு பிடிக்காமை, அந்த மாதிரி இருந்துதா?" என்று கேட்டார். இருந்தது. என் மாமியார் அதைப் பிள்ளை உண்டாகியிருப்பதாக நினைத்து ஊரெல்லாம் கல்கண்டு கொடுத்தார், பிறகு ஒன்றும் இல்லை என்றதும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வாந்திக்கும் சோர்வுக்கும் காரணம் அவர் மகன் எனக்குக் கொடுத்தது, மகனுக்கு அவர் கொடுத்தது. இதை நிச்சயமாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். எனக்கு அதுவே போதும்.

மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கியது. தெளிவாகப் பேச ஆரம்பித்த அன்று, ஹனீஃபாவைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதார்.

"வெளிய சொல்லிராத முத்து. கடையில ஒருத்தன் என்னய மதிக்க மாட்டான். எத்தன பேர அதட்டிப் படுக்க வச்சிருக்கேன்!"

"கடையில சொல்ல வேண்டாம். சங்கத்துல சொல்ல வேண்டாம்" என்றேன். "உங்க அக்காவும் தம்பிமாரும் வரும்போது அவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. இது அத்தைகிட்ட இருந்து வந்தது, நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்லணும். அவங்க உயிரும் இருக்குல்லா? அப்புறம், சூரத்துல ஒண்ணும் நடக்கலன்னும் சொல்லணும். எனக்காக."

"சொல்லுதேன்" என்றார். என் கையைப் பிடித்து, "உன் மேல சத்தியமாச் சொல்லுதேன்" என்றார். நான் நம்பினேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே நன்றாகத் தூங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க வந்தார்கள். வேலம்மா மதினி, அவர் கணவர், இரண்டு கொழுந்தன்மார், அவர்கள் மனைவிமார். விஜயராகவனும் எங்கிருந்தோ வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். ஹால் நிறைந்துவிட்டது. மேசை மேல் ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஆரஞ்சும். மதினி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உன் பொறும யாருக்கு வரும் முத்து? நானா இருந்தா அரிவாள எடுத்திருப்பேன்" என்று முதுகைத் தடவினார்.

இதுதான் நேரம் என்று அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சரி, தொடங்கி வைப்போம் என்று நானே பேசினேன்.

"மதினி, சூரத்துல ஒண்ணும் நடக்கல. இது பழைய வியாதி. அத்தைக்கும் இருக்கு. பிறக்கும்போதே வந்தது. நீங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

என் மாமியார் நிமிர்ந்தார். "எனக்கு என்ன இருக்கு? மருந்தே வேண்டாம்னுட்டாங்க. என் வயித்துல பிறந்ததுக்கு நோயி எப்படி வரும்?"

மதினி என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "சரிம்மா, அப்ப அவனே எதுக்குச் சூரத்துன்னு சொன்னான்?"

"ஊசிக்குப் பயம், மதினி. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட ரத்தம் குடுத்ததில்ல. அது தெரிஞ்சிரும்னு பயந்து சொன்னாங்க."

சின்னக் கொழுந்தன் வாய்விட்டுச் சிரித்தார். விஜயராகவன், "அண்ணாச்சியா? ரத்தம் குடுக்கலையா? கல்லாவுக்குப் பின்னால பதினெட்டு போட்டோ தொங்குது!" என்றார். மதினி என் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "பாருங்க, புருஷனக் காப்பாத்த என்னவெல்லாம் கதை கட்டுதா பாருங்க! ஊசிக்குப் பயந்து எவனாவது இல்லாத பொம்பளைய இருக்குன்னு சொல்லுவானா?"

"அவங்களையே கேளுங்க" என்றேன். "நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் விஜயராகவனைப் பார்த்தார். தம்பிமாரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"முத்து என்னய விட்டுக்குடுக்க மாட்டா" என்றார். "தப்பு எம்மேலதான். சூரத்துலதான்."

பெரிய கொழுந்தன் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். விஜயராகவன், "ஒத்துக்கிடுததுக்கும் ஒரு தைரியம் வேணும்லா" என்றார். மதினி ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டே, நிம்மதியாக, "அப்ப எங்களுக்கு டெஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம் வேண்டாமில்லடா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க்கா" என்றார் என் கணவர்.

அவர்கள் போன பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் மாத்திரைக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். சாக விட எனக்கு மனசு வராது. மதினியையும் கொழுந்தன்மாரையும் நாளைக்கு நானே ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைப்பேன், நான் கதை கட்டுகிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் சரி. ஆனால் இருபத்தாறு வருடத்தில் இந்த மனுஷன் எனக்குச் செய்த ஒரே துரோகம் எங்கள் வீட்டு ஹாலில், சொந்தபந்தம் எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில் நடந்தது. அதைப் பார்த்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் யாருக்கும் அது தெரியாது.